கொள்ளிடத்துக்கு வடக்கே, கௌதாரி நிலம்

திருவரங்கத் தீவை விட்டு வடக்கே கொள்ளிடப் பாலத்தைக் கடப்பவருக்கு மறுகரையும் இக்கரையைப் போலவே தென்னையும் வாழையும் நெல்லும் செழித்த மருத நிலமாகத் தோன்றும்; ஆனால் அந்தப் பசுமை அகலம் குறைந்த ஒரு பட்டைதான். முக்கொம்பை அடுத்த வாத்தலைப் பக்கத்தில் காவிரியின் இடக்கரையிலிருந்து பிரியும் பெருவளை, புள்ளம்பாடி வாய்க்கால்களின் தண்ணீர் ஏறிப் பாயும் மட்டம் வரை நஞ்சை. அந்த மட்டத்துக்கு மேலே நிலம் சற்றே உயர்ந்ததும் வானம் பார்த்த புஞ்சை. அரிசி ஆலைகளுக்கும் பொன்னி அரிசிக்கும் பெயர்பெற்ற மண்ணச்சநல்லூர் இவ்விரண்டும் சந்திக்கும் விளிம்பில் அமைந்திருக்கிறது. ஊரின் தெற்கே வேகவைத்த நெல்லின் மணமும் உலர்களங்களும் இருக்க, துறையூர்ச் சாலையில் வடக்கே திரும்பினால் சிறிது தொலைவிலேயே வேலிக்கருவையும் கொழுக்கட்டைப்புல்லும் சரளை மண்ணும் தொடங்கிவிடுகின்றன. இந்த வறண்ட நிலத்தின் தரைப்பறவைகளான கௌதாரியையும் காடையையும், அவற்றைத் தேடி இரட்டைக் குழல் துப்பாக்கியோடும் கண்ணியோடும் வந்த இருவகை வேட்டைக்காரரையும், எண்ணிக்கை அருகிப்போகும் மெலிந்த பருவத்தில் பறவைகளும் வேட்டைக்காரரும் நடந்துகொண்ட முறையையும் இந்த வழியே போகிறபோது தொடர்ந்து எண்ணிப் பார்க்க முடிகிறது.

ஆங்கிலேயர் தம் நாட்டு வேட்டைப் பறவைகளில் முதலிடம் தந்தது கிரவுஸ் என்னும் பறவைக்கு. கோழியினத்தைச் சேர்ந்த இது, கால்விரல் வரை இறகு போர்த்தி, வடகோளத்தின் குளிர்நிலங்களில் மட்டும் வாழ்வது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் ஹெதர் என்னும் குறும்புதரின் தளிரைத் தின்று வாழும் செங்கிரவுஸ் அவற்றுள் புகழ்பெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று அதன் வேட்டைப் பருவம் சட்டப்படி தொடங்கி டிசம்பர் 10 அன்று முடிகிறது. இந்தியாவில், இமயத்தின் உச்சிகள் உட்பட எங்கும், கிரவுஸ் இல்லை. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதல் திருச்சிராப்பள்ளிப் பாளையத்தில் தங்கிய படையதிகாரிகளும் பின்னாளில் வந்த மாவட்ட அதிகாரிகளும் கிரவுஸ் வேட்டையின் பழக்கத்தையும் கருவியையும் மட்டும் கொண்டுவந்து, அவற்றை இங்குள்ள பறவைகள் மீது பொருத்திக்கொண்டனர். வயலில் தண்ணீர் நின்ற மாதங்களில் வலசை வரும் உள்ளான் அவர்களுக்கு உகந்த இலக்காயிற்று. புஞ்சையில் கௌதாரியும் காடையும். இன்னும் வறண்ட கரட்டுநிலங்களில் கல்கௌதாரி.

கல்கௌதாரி பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். கௌதாரி என்ற பெயரைத் தாங்கினாலும் அது கௌதாரி இனமன்று, கிரவுஸ் இனமுமன்று. விதை தின்று, திறந்த வெளியில் வாழ்ந்து, காலை வெயில் ஏறியபின் கூட்டமாகப் பறந்துவந்து நீர்நிலையில் நீரருந்திவிட்டு மீளும் தனிக் குடும்பத்துப் பறவை. தென்னிந்திய ஆங்கிலேய வேட்டைக்காரர் அதைப் பாறைப்புறா என்றே அழைத்தனர். அதன் ஆண், வயிற்று இறகுகளை நீரில் ஊறவைத்துக்கொண்டு பல கிலோமீட்டர் பறந்து சென்று குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. 1896-இல் மீட் வால்டோ என்பவர் கூண்டில் வளர்த்த பறவைகளைக் கண்டு இதை எழுதியபோது பலர் நம்பவில்லை, 1967-இல் ஆப்பிரிக்கப் பாலையில் செய்த கள ஆய்வுக்குப் பிறகே ஐயம் தீர்ந்தது. குறித்த நேரத்தில் குறித்த குட்டைக்கு வந்தே தீரும் பறவை, அந்தக் குட்டையருகே காத்திருப்பவரின் துப்பாக்கிக்குத் தப்புவது அரிது. கோடையில் குட்டைகள் குறையக் குறைய அந்த ஆபத்து பெருகும். மெலிந்த பருவத்தில் பறவை குறைவாக இருப்பதோடு, இருக்கிற பறவையும் சில இடங்களில் ஒதுங்கிக் குவிகிறது. அதனால் எண்ணிக்கை குறைந்த ஆண்டிலும் வேட்டைக்காரனின் பை நிறையக்கூடும், நிறைந்த பையைக் கண்டு அவன் பறவை ஏராளம் என்று எண்ணக்கூடும்.

கௌதாரியின் இயல்பு வேறு. இந்தப் பகுதியில் விடியலில் முதலில் கேட்கும் குரல்களில் ஒன்று அதனுடையது: ஒரு பறவை தொடங்க, மறுபுதரிலிருந்து இன்னொன்று ஏற்க, மூன்றசை கொண்ட கூரிய கூவல் விட்டுவிட்டு எழும். ஓர் அடி நீளமும் கால் கிலோ முதல் முந்நூறு கிராமுக்குச் சற்று மேலான எடையும் கொண்ட இப்பறவையின் உடலெங்கும் சாம்பலும் பழுப்புமான மெல்லிய குறுக்குவரிகள் ஓடுவதால், பத்தடி தொலைவில் அசையாமல் நிற்பதைக் கூடக் கண் எளிதில் பிரித்தறியாது. அறிவியலார் வைத்த பெயரில் புதுச்சேரி இடம்பெற்றிருப்பதால், இது உலகுக்கு முதலில் அறிமுகமானது தமிழ்நிலத்து மாதிரியின் வழியே என்பது விளங்கும். ஆபத்து நெருங்கினால் இது பறப்பதில்லை. வரப்போரமாகத் தலையைத் தாழ்த்தி ஓடி, வேலிக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. மிக நெருங்கி மிதிக்கப்போகும் தருவாயில்தான் படபடவென்று சிறகடித்து எழுந்து, தாழப் பறந்து, இருநூறு முந்நூறு அடியில் மீண்டும் இறங்கி ஓடும். இரவில் தரையில் தங்காமல் முள்மரக்கிளையில் அடைகிறது. வரப்பின் வெயில்படும் பக்கத்தில் உள்ளங்கை அகலக் குழிகளும், அவற்றில் நுண்மண்ணும், ஓரிரு வரியிட்ட இறகும் கிடந்தால், அங்கே கௌதாரிகள் மண்குளித்திருக்கின்றன என்று பொருள்; சிறகிடுக்கின் பேன்களை உதிர்க்க அவை இவ்வாறு புழுதியில் புரளும்.

இந்த ஓடும் குணம் ஆங்கிலேய வேட்டைக்காரரைச் சலிப்படையச் செய்தது. பறவை பறக்க வேண்டும், பறக்கும்போதே சுட வேண்டும், தரையில் இருப்பதைச் சுடுவது இழிவு என்பது அவர்களுடைய நெறி. அந்த நெறியும் அவர்களுடைய துப்பாக்கியும் ஒன்றையொன்று வளர்த்தவை என்பதால் அக்கருவியின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். பக்கத்துக்குப் பக்கமாக இரு குழல்களை இணைத்த இரட்டைக் குழல் துப்பாக்கி பெரும்பாலும் 12 போர் அளவினது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று நுழையும் அகலமே 12 போர். இன்றைய அளவில் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலின் உட்புறம் திருகுவரியின்றி வழுவழுப்பாக இருக்கும். இதில் இடப்படும் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாக ரவை எனப்படும் சிறு ஈயமணிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வெடித்ததும் அவை விரிந்து பரவுவதால் விரையும் பறவை அகப்படுகிறது. குழலின் வாயைச் சிறிதளவு குறுக்கினால் ரவை விரியும் வேகம் குறையும். ஆகவே வலக்குழலை விரிவாகவும் இடக்குழலை நெருக்கமாகவும் அமைத்தனர். எழுந்து விலகும் பறவைக்கு முதலில் விரிந்த குழல், அது தப்பித் தொலைவு போனால் நெருங்கிய குழல். எதிர்நோக்கி வரும் பறவைக்கு இந்த முறை தலைகீழாகும். விசைகள் இரண்டு இருப்பதால் எந்தக் குழல் முதலில் என்பதை விரலே அந்த நொடியில் தீர்மானிக்கிறது.

1875-இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்கூடத்தில் ஆன்சன், டீலி என்ற இருவர் உருவாக்கிய இயங்குபொறி, வெளியே தெரிந்த குதிரைகளை, அதாவது தோட்டாவின் அடியைத் தட்டும் சுத்தியல்களை, உடலுக்குள் மறைத்தது; குழலைத் தாழ்த்தித் திறக்கும் அசைவிலேயே உள்குதிரைகள் தாமாக ஏறிக்கொண்டன. இதே காலத்தில் சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற ஆங்கிலேய வணிக நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளை விற்றன. மாவட்டங்களுக்கு வந்த அதிகாரிகளும், அவர்களைப் பின்பற்றிய ஜமீன்தார்களும் அவற்றை வாங்கினர். அக்காலத்துக் குழல்கள் பல டமாஸ்கஸ் முறையில் செய்யப்பட்டவை: இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கி, ஓர் அச்சுக்கம்பியின் மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைக்கும்போது குழலின் மேற்பரப்பில் நீரலை போன்ற வரிகள் நிலைத்துவிடும். இவை கரிமருந்தின் மெதுவான அழுத்தத்துக்கென ஆனவை. புகையில்லா வெடிமருந்து அடைத்த இக்காலத் தோட்டா, அதிலும் 65 மில்லிமீட்டர் அறை கொண்ட பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர்த் தோட்டா, குழலைப் பிளந்து கையைச் சிதைக்க வல்லது. பாட்டன் காலத்துத் துப்பாக்கி உரிமத்தோடு வீட்டில் இருக்கிறது என்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இத்துப்பாக்கியில் இரண்டே வெடிகள். அவை தீர்ந்தபின் திறந்து, வெற்றுத் தோட்டாவை நீக்கி, புதியதை இட்டு மூட வேண்டும். அதற்குள் மிஞ்சிய பறவைகள் பறந்துவிடும். பின்னர் வந்த தொடர்வெடித் துப்பாக்கிகள் இந்த இடைவெளியை அழித்தன. அமெரிக்காவில் 1935 முதல் வலசைப் பறவை வேட்டைக்குக் கொண்டுசெல்லும் துப்பாக்கி மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணம் இதுவே. கருவியின் வேகத்துக்குச் சட்டம் வரம்பிட வேண்டிய நிலை வருமுன், இரட்டைக் குழலின் அமைப்பே ஒரு வரம்பாக இருந்தது.

ஆனால் வரம்பு கருவியில் மட்டும் இருந்தால் போதாது என்பதை ஸ்காட்லாந்து அனுபவத்தால் அறிந்திருந்தது. செங்கிரவுஸின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பின் சரிவது. குடலில் பெருகும் நூல்போன்ற ஒரு புழு இச்சரிவுக்கு முதன்மையான காரணம் என்பதை, லோவட் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1911-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு விளக்கியது. இன்று அங்கே வேட்டைநிலம் வைத்திருப்போர் வேனிலின் தொடக்கத்தில் இணைகளையும், ஜூலையில் குஞ்சுகளையும் மோப்ப நாய்களைக் கொண்டு எண்ணுகின்றனர். எண்ணிக்கை மெலிந்திருந்தால் அந்த ஆண்டின் வேட்டை நாட்களைக் குறைக்கின்றனர், முழுதும் கைவிடுவதும் உண்டு. வெடி வெடிக்காத ஆகஸ்ட் பன்னிரண்டுகள் பல கடந்திருக்கின்றன. கிரவுஸுக்காகப் பருந்தினங்களைக் கொன்றதும், ஹெதரை எரித்து மேட்டுநிலத்தை ஒரே மாதிரியாக ஆக்கியதும் அந்த ஏற்பாட்டின் கறைகள். ஆயினும் வேட்டைக்கு முன் எண்ணிக்கை என்ற ஒழுங்கு அங்கே வேரூன்றியது. துப்பாக்கியோடு சேர்ந்து அந்த ஒழுங்கு கடல் கடந்து வரவில்லை.

ஓரளவேனும் வந்த இடம் நீலகிரி மட்டும்தான் எனலாம். அங்கே தங்கிய ஆங்கிலேயர், காட்டுக்கோழியும் வரையாடும் கண்ணெதிரே குறைவதைக் கண்டு சங்கம் அமைத்து, 1879-இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைப் பெற்றனர். வேட்டையில்லாத மாதங்கள் வகுக்கப்பட்டன. சமவெளிக்கு 1887-இலும் 1912-இலும் வந்த காட்டுப்பறவைப் பாதுகாப்புச் சட்டங்கள் தடைப்பருவம் அறிவிக்கும் அதிகாரத்தைத் தந்தனவே தவிர, கௌதாரியை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. மக்கள் தாமே தடுத்து நின்ற இடமாக வேடந்தாங்கலைச் சொல்ல வேண்டும்: ஏரியில் கூடுகட்டிய பறவைகளைப் படைவீரர்கள் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதித் தந்தார். ஏரிக்கு அப்பறவைகளின் எச்சம் உரமாயிற்று என்பதால் உழவருக்கு அதில் நேரடிப் பயன் இருந்தது. தரிசில் ஓடும் கௌதாரிக்கு அவ்வாறு வழக்காட ஊர் எதுவும் வாய்க்கவில்லை. கொங்குநாட்டில் காடை குலத்தார் காடையைத் தம் குலச்சின்னமாகப் போற்றுவது போன்ற சில வழக்கங்களே தரைப்பறவைக்குக் கிடைத்த காவல். பதிவில்லாமலே ஒரு பறவை மறைந்துபோகும் என்பதற்கு வடநாட்டில் இமயக் காடை சான்றாக நிற்கிறது: அதை ஐயமின்றிக் கடைசியாகக் கண்டது 1876-இல், நைனிதால் அருகே, சுடப்பட்ட நிலையில்.

அதே 1876-இல்தான் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் தொடங்கியது. கௌதாரியின் மெலிந்த பருவத்தைப் புரிந்துகொள்ள அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டன. இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. அது பொய்த்தால் புல் விதை கட்டாது, கறையானும் வெட்டுக்கிளியும் பெருகா. வளர்ந்த கௌதாரி உதிர்ந்த தானியத்தைப் பொறுக்கிப் பிழைத்துக்கொள்ளும்; முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கோ முதல் வாரங்களில் பூச்சி வேண்டும். பூச்சியில்லாத ஆண்டில் ஆறேழு முட்டை இட்டும் ஒன்றிரண்டு குஞ்சுகளே தேறும். நல்ல ஆண்டிலும் மாசிக்குப் பிறகு நிலம் மெலிகிறது. மண்ணச்சநல்லூருக்கு அருகே சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கி, மாரியம்மன் தன் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாட்களில் சமைத்த உணவு படைக்கப்படுவதில்லை, துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருமே நைவேத்தியம். நிலம் தரக் குறையும் அந்த நாட்களிலேயே புதர்களில் கௌதாரிகளின் இணைசேர் கூவல் ஓங்குகிறது.

அத்திருவிழாக் கூட்டத்தில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களே இந்நிலத்தின் இரண்டாவது வகை வேட்டைக்காரர்கள்; கௌதாரியைப் பற்றிய அறிவில் முதல் வகை. வடமேற்கு இந்திய மொழிகளோடு உறவுடைய வாக்ரிபோலியைத் தமக்குள் பேசும் இவர்களின் குடியிருப்புகளில் திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே துவாக்குடி அருகேயுள்ள தேவராயநேரி பெயர்பெற்றது. இவர்கள் கௌதாரி பிடித்த முறையில் வெடியைவிடக் கண்ணியும் குரலும் முதன்மையானவை. குஞ்சிலிருந்து வளர்த்துப் பழக்கிய கௌதாரி ஒன்றைச் சிறு கூண்டில் வைத்து விடியலில் புதரோரம் இறக்குவர். பழந்தமிழில் இவ்வாறு இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க உதவும் விலங்கும் பறவையும் பார்வை எனப்பட்டன. கூண்டுப் பறவை கூவியதும் அந்த எல்லைக்குரிய ஆண் தன் இடத்தில் அயலான் புகுந்துவிட்டான் எனக் கொண்டு சண்டைக்கு ஓடிவரும். கூண்டைச் சுற்றி முளைக்குச்சிகளில் வரிசையாகக் கட்டிய சுருக்குகளில் அதன் கால் மாட்டும். மெல்லிய முடியைத் திரித்துச் செய்த சுருக்கின் இடத்தைப் பிற்காலத்தில் நைலான் இழை பிடித்தது. பறவை எத்திசையிலிருந்து வரும், எந்தப் புதரில் இணை உள்ளது, எது குஞ்சோடு திரிகிறது என்பதெல்லாம் கூண்டை இறக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை.

துப்பாக்கி வைத்திருந்தவர்களிடமும் பெரும்பாலும் இருந்தது வாய்வழி மருந்திடும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. கரிமருந்தைக் கொட்டி, பழந்துணியை அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடி துணியை வைத்து, நீண்ட கம்பியால் இடித்து இறுக்கிய பிறகே ஒரு வெடி. அடுத்த வெடிக்குள் காடு அடங்கிவிடும். ஒரு வெடிக்கான மருந்தும் ஈயமும் காசு கொடுத்து வாங்கியவை என்பதால், அமர்ந்திருக்கும் பறவையையே குறிபார்த்தனர். இதை இழிவென்று எழுதிய ஆங்கிலேய நெறி, அன்றைய உணவு அந்தப் பறவையல்லாதவர்கள் வகுத்த நெறி. அதைக்கொண்டு நரிக்குறவரை அளப்பது நியாயமன்று. பறவை குறைந்த இடத்தில் தங்கினால் பட்டினி என்பதால் அவர்கள் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் போயினர்; அந்த நகர்வு, அவர்கள் எண்ணியோ எண்ணாமலோ, மெலிந்த நிலத்துக்கு ஓய்வு தந்தது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர், நாய்களோடு சென்று வேலியிடைகளில் வலைகட்டி முயல் பிடிக்கின்றனர். வறண்ட நிலத்து வேட்டை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் இவ்வாறு சிற்றுயிர்களையே நம்பியிருந்தது.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. 1991-இன் திருத்தம் அதையும் நீக்கியதால், கௌதாரியைச் சுடுவது மட்டுமன்றிக் கண்ணி வைப்பதும், முட்டை எடுப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின. இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவும் பெட்டிக்குள் போயின. 1959-இன் படைக்கலச் சட்டம், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வழுவழுப்புத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும், வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்கும் உரிமம் பெற்று வைத்திருக்க இன்றும் இடமளிக்கிறது. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் அவை துணியில் சுற்றப்பட்டுக் காவல் நிலையத்துக்குப் போய், முடிவுகளுக்குப் பிறகு திரும்புகின்றன. காணும் பொங்கலை ஒட்டிய முயல் வேட்டையைத் தடுக்க சேலம், நாமக்கல் வட்டாரங்களில் வனத்துறை காவல் போடுகிறது. உணவகங்களில் காடை என்று பரிமாறப்படுவது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. நரிக்குறவரோ தொழில் குற்றமான பின்னும் பல பத்தாண்டுகள் பழங்குடிப் பட்டியலுக்காகப் போராடி, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால்தான் அதில் இடம்பெற்றனர்.

வெடி ஓய்ந்தது கௌதாரிக்கு நன்மையே; அதில் ஐயமில்லை. ஆனால் தடை மட்டும் பறவையைக் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்காவின் ஹீத் ஹென் என்ற கிரவுஸ் இனத்தின் வரலாறு வலிய சான்று. அளவின்றிச் சுடப்பட்டு, மார்த்தாஸ் வின்யார்டு என்ற ஒரே தீவில் எஞ்சிய அப்பறவைக்கு 1908-இல் காப்பிடம் அமைத்தனர். எண்ணிக்கை மளமளவென்று உயர்ந்து ஈராயிரத்தைத் தொட்டது. 1916-இல் கூடுகட்டும் பருவத்தில் தீ புகுந்தது. தொடர்ந்து கடுங்குளிரும் நோயும் வந்தன. கடைசிப் பறவை 1932-இல் காணப்பட்டதோடு சரி. துப்பாக்கியிடமிருந்து காத்த பறவைக்கு, ஒதுங்கிப் பிழைக்க வேறு நிலம் எஞ்சியிருக்கவில்லை.

மண்ணச்சநல்லூரிலிருந்து திருவெள்ளறை வழியாகப் புலிவலம் நோக்கிப் போகும் சாலையில், கௌதாரிக்கு நிலம் எஞ்சுமா என்ற கேள்வியே கண்முன் நிற்கிறது. திருவெள்ளறையில் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் அமர்ந்த வெண்பாறையும், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த மார்பிடுகு பெருங்கிணறும், வானத்து நீரை நம்ப முடியாத நிலத்தில் மனிதர் தண்ணீருக்குப் பட்ட பாட்டைச் சொல்கின்றன. நான்கு புறமும் படிகள் வளைந்திறங்கும் அக்கிணறு எத்தனையோ மெலிந்த பருவங்களைக் கண்டது. ஊரைக் கடந்தால் சோளமும் கம்பும் உளுந்தும் மாறிமாறி விளைந்த புஞ்சைகளை அங்கங்கே காணலாம். அந்த வயல்களுக்கு இடையே கிளுவையும் கள்ளியும் சூரையும் பின்னிய உயிர்வேலிகள்தாம் கௌதாரிக்கு வீடு: பகலில் நிழல், இரவில் அடைவிடம், அடியில் கூடு. வேலிகளைப் பிடுங்கிக் கம்பி இழுத்த வயலில் கௌதாரிக் குரல் இல்லை. வடக்கே பெரம்பலூர்ப் பக்கம் பரந்து கிடக்கும் மக்காச்சோளக் காடுகளில் அட்ராசின் போன்ற களைக்கொல்லிகள் புல்லை முளையிலேயே அழிக்க, புல்லோடு விதையும் பூச்சியும் போகின்றன. சென்னை நெடுஞ்சாலையை நெருங்கும் இடங்களில் தரிசுகள் மனைகளாகப் பிரிந்து, வண்ணம் பூசிய கற்கள் நடப்பட்டுக் கிடக்கின்றன. கல் நட்ட மனையில் சில ஆண்டு வீடு எழாமல் புல் வளர்ந்தால் கௌதாரி அங்கே திரும்பி வருவதும் உண்டு என்பது, அந்தப் பறவை கேட்பது எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுகிறது.

அந்தக் குறைவைக்கூட ஆவணங்கள் அங்கீகரிப்பதில்லை. வருவாய்த்துறைப் பதிவில் இந்நிலம் தரிசு, மேய்க்கால் புறம்போக்கு. நடுவண் அரசு வெளியிடும் நிலப்படத் தொகுப்பில் புதர்க்காடு முழுதும் பாழ்நிலம் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பாழ் என்று பெயரிட்ட நிலத்தில் மரக்கன்று நடலாம், சூரியத் தகடு பதிக்கலாம், வீட்டுமனை வழங்கலாம். கௌதாரியை அங்கே தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி என்ற நடைமுறை இல்லை. கண்ணி வைத்தவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம், வேலியோடு வாழ்விடத்தை உழுது சமன் செய்பவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இது அநீதி என்றே சொல்ல வேண்டும், பறவைக்கும், அந்தப் பறவையால் வாழ்ந்த மக்களுக்கும்.

மாற்றுவழிக்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள் 1972-இன் சட்டத்தால் தொழிலிழந்தபோது, ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே தொடங்கப்பட்டது. பிடித்த பாம்பின் நஞ்சை எடுத்தபின் அதைக் காட்டிலேயே விட்டுவிடும் அவர்களின் வேலை, நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அடிப்படையாயிற்று. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நரிக்குறவரின் கௌதாரி அறிவுக்கு அத்தகைய நிறுவனம் எதுவும் அமையவில்லை. ஸ்காட்லாந்தில் நாயைக் கொண்டு செய்யும் எண்ணிக்கையை இங்கே குரலைக் கொண்டு செய்யலாம்: கௌதாரியின் ஆண் தன் எல்லையை விடியலில் கூவி அறிவிப்பதால், குறித்த இடங்களில் நின்று கூவல்களை எண்ணிப் பதிவது பறவையியலில் ஏற்கப்பட்ட முறை. பங்குனி விடியலில் திருவெள்ளறைக்குப் பின்புறப் புஞ்சையிலும் புலிவலம் சாலையோரத் தரிசுகளிலும் நின்று, எந்தக் குரல் எந்தப் புதரின் ஆண், எது இணையோடு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தேவராயநேரியின் முதியவர்களால் முடியும். கூண்டுப் பறவையும் சுருக்கும் இன்றியே அதைச் செய்யலாம். அதற்கு ஊதியம் தந்து, அவர்கள் சொல்லும் எண்ணை நிலப்பதிவேட்டின் பக்கத்தில் எழுதி வைக்கும் வேலையை வனத்துறையோ பல்கலைக்கழகமோ தொடங்க வேண்டும். பார்வைக் கௌதாரி பழக்கத் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே தொடங்க வேண்டும்.